ஐந்தாவது பெயர்

காலையில் சமையலறை ஜன்னலைத் திறந்தேன். கீழே ஒஸ்லோ பஸ் ஒன்று இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றது. டீசல் மணம் உள்ளே வந்தது. "இது என்ன மணம்? யுத்த டாங்கி இதைவிட நாறும்" என்று சொல்வீர்கள், ஐயா.

இத்தாலியில் பிறந்து, நோர்வேப் பெண்ணை மணந்து, ஒஸ்லோவை அடுத்த லோறென்ஸ்கூக்கில் எங்கள் பக்கத்து வீட்டில் முதுமையடைந்தவர் நீங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் இந்த நாட்டு வழக்கம். எனக்கு வாய் வரவில்லை. "ஐயா எண்டா என்ன, கேணலோ?" என்று கேட்டீர்கள். "கேணலுக்கும் மேலை" என்றேன்.

கண் மங்கியபோது, இளமையில் இத்தாலியில் நீங்கள் இருந்த டாங்கிப் படையின் வரலாற்றை எழுதிவைக்க விரும்பினீர்கள். நீங்கள் நோர்வே மொழியான நொஸ்க்கில் சொல்ல, நான் எழுதினேன். வகுப்புக்குப் போகாமல் பத்திரிகை வாசித்துப் பழகிய நொஸ்க். பிழைகளை உங்கள் மகள் திருத்துவாள். உலக யுத்தம் முடிந்தபின், அமெரிக்கர் கொடுத்த பழைய டாங்கிகளோடு தொடங்கிய படை. கிழக்கு எல்லையில் எதிரிக்காகக் காத்திருந்தது. எதிரி வரவில்லை. கடைசியில் படையையே கலைத்துவிட்டார்கள். "நான் இருந்த காலத்திலை ஒருவரும் சாகேல்லை" என்றீர்கள். டாங்கிக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவள் நான். அந்த வரியை மனம் குளிர எழுதினேன்.

பிறகு, என் வழக்கப்படி, உங்கள் பழைய படைக் குறிப்புக் கொப்பிகளோடு ஒத்துப் பார்த்தேன். ஒரு வருடம், வசந்தத்தில் உங்கள் டாங்கி வண்டியில் ஐந்து பெயர். இலையுதிர்காலத்தில் நாலு.

"ஐயா, இவர் எங்கை போனவர்?"

"வேறை வண்டிக்கு மாறினவன்."

"மாறின எல்லாரையும் குறிச்சிருக்கிறியள். இவரை இல்லை."

"நீ ஆர், ராணுவப் பொலிசோ? வீட்டை போ."

நாலு நாள் உங்கள் கதவு திறக்கவில்லை. ஐந்தாம் நாள் நீங்களே வந்து மணியடித்து, வாசலில் நின்றபடியே சொன்னீர்கள். பயிற்சியில் ஆற்றைக் கடக்கும்போது வண்டி கவிழ்ந்தது. நாலு பேர் வெளியே வந்தீர்கள், அவர் வரவில்லை.

"ஓட்டினது நான். எழுது."

எழுதினேன். அதற்குப் பிறகுதான் அவருடைய பெயரை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினீர்கள். உங்கள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றப் போவாராம்; கேட்டால், "ரெண்டும் ஒரே அளவுதானே" என்பாராம்.

நீங்கள் காலமான பிறகு, அச்சுக்குக் கொடுக்குமுன் உங்கள் மகள் வந்தாள்.

"வண்டி கவிண்ட இந்த வரி வேணுமோ? அப்பாவைப் பிழையா நினைப்பினம்."

"அதை எடுத்தா, செத்தவர் திரும்பவும் வேறை வண்டிக்கு மாறினவர் ஆயிடுவார்" என்றேன்.

அந்த வரியை எடுக்காமலே தாளைக் கொண்டு போனாள்.

ஆடி அமாவாசைக்குக் கோயிலில் இரண்டு பெயர் எழுதிக் கொடுத்தேன். குருக்கள் உங்கள் பெயரை வாசித்துவிட்டு, மற்றதை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இவர் என்ன முறை?"

"ரெண்டு பேரும் ஒரே வண்டியிலை இருந்தவை" என்றேன்.