அம்மா இருந்த வாங்கு

யேசு மரி சூசை

11 பெப்ரவரி 2024

என் அன்புத் தங்கச்சி கிளடிஸுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடும் மகன் றிச்சர்ட், மருமகள், பேத்தி ஸ்டெபனி எல்லாரோடும் இருக்க மன்றாடுகிறேன். நத்தார்ப் பண்டிகைக்கு நீ அனுப்பிய படம் கிடைத்தது. ஸ்டெபனி உன்னை விட உயர்ந்துவிட்டாள். நீ மெலிந்திருக்கிறாய். கேட்டால் இல்லை என்பாய்.

இங்கே இன்னும் குளிர் விடவில்லை. இத்தாலி என்றால் வெயில் என்று நினைக்கிறவர்கள் மாசி மாதத்தில் இந்த மலையூருக்கு வந்து, எங்கள் மடத்துக் கல்நிலத்தில் ஒரு காலை வேளை நின்று பார்க்க வேண்டும்.

எங்கள் மடம் என்று எழுதுகிறேன். பழக்க தோஷம். இதைத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்று வாங்கியது உனக்குத் தெரியும். சட்டமும் வியாபார நிர்வாகமும் படிப்பிக்கிறார்கள். பிள்ளைகள் நல்லவர்கள், கண்ட இடத்தில் வணக்கம் சொல்வார்கள். நாங்கள் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்ட மண்டபத்தில் இப்போது கோப்பி மெஷின் இரைகிறது. எங்கள் தலைமைத் தாயார் உயிர்விட்ட அறையில் கணக்கியல் பேராசிரியர் இருக்கிறார். வெளிச் சாமான்களை உள்ளே எடுக்கச் சுவரில் ஒரு சுழல்பெட்டி இருந்ததே, அதில் மாணவர்களின் அறைப் பூட்டுத் திறப்புகளை வைத்துக் கொடுக்கிறார்கள். சந்திப்பு அறையின் இரும்புக் கம்பித் தடுப்பைக் கழற்ற மட்டும் அரசாங்கம் விடவில்லை. பழைய கட்டடச் சட்டமாம். அதுவும் நானும்தான் மிச்சம்.

என்னோடு இருந்த கடைசிச் சகோதரி மார்கழியில் இறந்துவிட்டார். ஜூன் முடிவில் நான் இருக்கும் பகுதியையும் பல்கலைக்கழகம் எடுக்கிறது. அதில் பிழை இல்லை, ஒப்பந்தம் அப்படி. என்னை வயோதிபச் சகோதரிகளின் இல்லம் ஒன்றுக்கு அனுப்பலாம் என்கிறார் ஆயர். சொந்தங்களோடு போய் இருக்க விரும்பினால் அதற்கும் அனுமதி தருவாராம். சொந்தம் என்று எனக்கு இருப்பது நீதான். உன்னிடம் வந்து இருக்கட்டுமா?

போனில் கேட்டிருக்கலாம். போனில் கேட்டால் நீ உடனே ஏதாவது சொல்ல வேண்டி வரும். எழுதினால் ஆறுதலாக யோசிக்கலாம்.

ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோச் சனத்துக்கு நான் செத்துப் போனவள். அம்மாவின் மரண அறிவித்தலை நீ அனுப்பியபோதே, காலஞ்சென்றவர்களோடு என் பெயரையும் கண்டேன். அதற்காக நான் கோவிக்கவில்லை. ஆனால் செத்தவளை வீட்டுக்குள் கூப்பிடுவது உனக்குக் கரைச்சல்தான், அது விளங்குகிறது.

உன் அக்கா
சகோதரி பெனடிக்ரா


ஸ்ரௌவ்வில்
20 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் சுகம். எனக்குக் கால் வீக்கம் கொஞ்சம், வயதுக்கு வருகிறதுதான். நான் மெலியவில்லை. அது படம் எடுத்த கோணம்.

வீட்டில் அறை இருக்கிறது. கீழே சும்மாதான் கிடக்கிறது, றிச்சர்ட் அதில் உடற்பயிற்சி மெஷின் ஒன்றை வாங்கி வைத்துத் துணி காயப் போடுகிறான். ஆகவே அறை இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் வாருங்கள் என்று எழுதவும் கை வரவில்லை அக்கா. ஏன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

தொண்ணூற்றாறில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேனே. மூட்டு வருத்தத்தோடு விமானம், ரயில், பிறகு மலைக்கு பஸ். சந்திப்பு அறையில் அந்த நீட்டு மர வாங்கில் இருந்தா. நீங்கள் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம். அம்மா பயத்தம் பணியாரம் கொண்டுவந்திருந்தா, அதைச் சுழல்பெட்டியில் வைக்கச் சொன்னார்கள். பெட்டி சுழன்றது. எடுத்த கையைக்கூட அம்மா காணவில்லை. கையைத் தொடலாமோ என்று கேட்டா, மடத்து ஒழுங்கில் இல்லை என்றீர்கள். பிறகு வாங்கில் இருந்துகொண்டு, "பிள்ளை, இருக்கிறியோ? பிள்ளை, இருக்கிறியோ?" என்று எத்தனை தரம் கேட்டா. நீங்கள் ஒவ்வொரு தரமும் "ஓமம்மா" என்றீர்கள். அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்தது.

அம்மா சாகக் கிடந்தபோதும் உங்களைத்தான் கேட்டா. மடத்துக்கு எத்தனை தரம் போன் எடுத்தேன். ஒழுங்கு விடாது என்று சொன்னீர்கள். பனிக்குள் அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்தேன். பெற்ற தாய்க்கு விடாத ஒழுங்கு, பல்கலைக்கழகம் வந்ததும் எப்படி விட்டது? நான் படித்தவள் இல்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மரண அறிவித்தல் நான் எழுதியது இல்லை. பெரியம்மாவின் மகன் ஜூலியஸ் அண்ணைதான் பேப்பருக்குப் போனில் வாசித்தவர். அடைபட்ட மடத்தில் சேருகிறவர்களைக் கறுப்புச் சீலையால் மூடி உலகத்துக்குச் செத்தவர்கள் என்று சொல்வார்களாம் என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லி அழுதவ. அண்ணை அதை அப்படியே விளங்கிக்கொண்டு, உங்கள் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போட்டுவிட்டார். வானொலியிலும் வாசித்தார்கள். சனம் வந்து இரண்டு பேருக்கும் சேர்த்துத் துக்கம் விசாரித்தது. திருத்த எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு அது பொய்யாகவும் படவில்லை. ஒவ்வொரு நவம்பரும் மரித்தோர் திருப்பலியில் உங்கள் பெயரை வாசிக்கிறார்கள், நானும் எல்லோரோடும் சேர்ந்து பதில் சொல்கிறேன்.

யோசித்து எழுதுகிறேன்.

தங்கச்சி
கிளடிஸ்


யேசு மரி சூசை

14 ஏப்ரல் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒழுங்கு என்பது ஒருத்திக்கு இல்லை, ஒன்றாக இருக்கிறவர்களுக்கு. இருந்தவர்கள் போய்விட்டார்கள், அதனால் கதவு திறந்தது. அம்மா இறந்தபோது நாங்கள் நிறையப் பேர். தலைமைத் தாயார் விடவில்லை, நான் கீழ்ப்படிந்தேன். அன்றைக்கு எனக்குப் பாண் சுடுகிற முறை. மாவைக் குழைத்தபடியே அழுதேன், அந்தப் பாணைத்தான் எல்லோரும் சாப்பிட்டோம். இன்றைக்குக் கேட்டாலும் கீழ்ப்படிந்தது பிழை என்று என்னால் சொல்ல முடியாது கிளடிஸ். நீ அதைக் கேட்க விரும்பினால், பொய் சொல்லித்தான் உன்னைச் சமாதானப்படுத்த வேண்டும்.

வேறொன்று சொல்ல வேண்டும். உன் கடிதம் வந்த கிழமை சந்திப்பு அறையைக் கூட்டித் துடைத்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு விருந்தினர் வருகிறார்களாம். இரண்டு பக்கக் கதவும் திறந்து கிடந்தன. இத்தனை வருசத்தில் நான் வெளிப்பக்கம் போனதே இல்லை. அன்றைக்குப் போனேன். அம்மா இருந்த வாங்கு அதே இடத்தில் கிடக்கிறது. அதில் இருந்து தடுப்பைப் பார்த்தேன்.

ஒன்றும் தெரியவில்லை.

யன்னல் வெளிப்பக்கத்தில்தான் இருக்கிறது. உள்பக்கத்தில் யன்னலே இல்லை, ஒரே இருட்டு. என் கதிரையில் இருந்தால் வாங்கில் இருக்கிறவரின் மூக்குத்திக் கல்கூடத் தெரியும். அம்மாவை அப்படித்தான் பார்த்தேன். நெற்றி வியர்வையைச் சீலைத் தலைப்பால் ஒற்றினது, நீ அவவுக்குப் பின்னால் நின்று கைப்பையைத் திறந்து திறந்து மூடினது, எல்லாம் கண்டேன். நான் பார்க்கிற மாதிரியே நீங்களும் என்னைப் பார்க்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன். அம்மா என் முகத்தை மனதில் கொண்டுபோகட்டும் என்று அந்த மணித்தியாலம் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

இருக்கிறியோ, இருக்கிறியோ என்று அம்மா கேட்டது ஏன் என்று இப்போதுதான் விளங்கியது. வயது போய்விட்டது, கேட்டதை மறந்து திரும்பக் கேட்கிறா என்று நான் நினைத்திருந்தேன். அந்த வாங்கில் நெடுநேரம் இருந்தேன். மாணவி ஒருத்தி வந்து தண்ணீர் தந்தாள்.

ஜூன் முடிவதற்குள் ஒரு வரி எழுதினால் போதும். ஓம் என்றாலும் இல்லை என்றாலும் உன் மேல் எனக்கு உள்ள அன்பு குறையாது.

உன் அக்கா
சகோதரி பெனடிக்ரா


ஸ்ரௌவ்வில்
5 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாளும் எழுதாமல் இருந்ததற்கு என்ன சொல்ல. உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி வாசித்தேன். வாசித்து முடித்து அடுப்பை நிப்பாட்டிவிட்டு அப்படியே இருந்துவிட்டேன். பிறகு எழுத உட்கார்ந்த நேரமெல்லாம், அன்று மலையால் இறங்கும்போது பஸ்ஸில் அம்மா சொன்னது காதில் வந்துவிடும். "எங்கடை றீற்றா கொழுத்தாளோ மெலிஞ்சாளோ, ஒண்டும் தெரியேல்லை பிள்ளை. குரல் மட்டும் அப்பிடியே இருக்கு." நீங்கள் வேண்டுமென்றே இருட்டில் இருந்தீர்கள் என்று நினைத்தேன் அக்கா. பெற்ற தாய்க்கு முகத்தைக் காட்டாமல் அனுப்பினவள் என்றுதான் இத்தனை வருசமும் உங்கள் மேல் கோபம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தமுறை மரித்தோர் திருப்பலிக்கு ஸ்காபரோக் கோயிலில் பெயர் வாசிக்க ஸ்டெபனியைக் கேட்டிருந்தார்கள். காரில் போகும்போதே வாசித்துப் பழகினாள். உங்கள் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"அப்பம்மா, வெயிற். இது இத்தாலி அப்பம்மா எல்லோ? ஷீ சென்ற் மீ எ பேர்த்டே கார்ட். இவ எப்பிடி டெட்?"

றிச்சர்ட் கண்ணாடியால் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன், "உயிரோடைதான் இருக்கிறா. அந்தப் பேரை வாசியாதை பிள்ளை."

அவள் வாசிக்கவில்லை. பூசை முடிந்து கீழே தேத்தண்ணி குடிக்கும்போது ஜூலியஸ் அண்ணை வந்தார். இப்போது ஊன்றுகோல்.

"என்ன தங்கச்சி, பிள்ளை பெனடிக்ரா சிஸ்டரை விட்டிட்டாள்?"

"அவ சாகேல்லை அண்ணை. நீங்கள்தான் சாக்காட்டினியள்."

கோப்பையை மேசையில் வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், சுழல்பெட்டியையும் யன்னலையும் சேர்த்து. கேட்டு முடித்ததும் அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இவ்வளவு காலமும் நான் அவவுக்கெண்டு சொன்ன செபமாலையெல்லாம் ஆருக்குப் போயிருக்கும்?" என்றார்.

"அம்மாவுக்குப் போயிருக்கும்" என்றேன். "அவவுக்குக் கூடத் தேவைதானே."

அறையிலிருந்து அந்த மெஷினை றிச்சர்ட் தூக்கிவிட்டான். கட்டிலை யன்னலோடு போட்டிருக்கிறோம். பின்னால் ஒரு மேப்பிள் மரம், இலை எல்லாம் கொட்டிவிட்டது, நீங்கள் வரும்போது துளிர்க்கும். அம்மாவின் கல்லறைக்கு ஸ்டெபனி கார் ஓட்டுவாள். வாருங்கள் அக்கா. நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்றும் எனக்குத் தெரியாது. பழைய விலாசத்துக்கே போடுகிறேன்.

உங்கள் தங்கச்சி
கிளடிஸ்


யேசு மரி சூசை

8 டிசம்பர் 2024

என் செல்லத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் மடத்துக்குப் போய், திறப்புகளோடு சுழல்பெட்டியில் கிடந்திருக்கிறது. எனக்குத் தண்ணீர் தந்தாளே அந்த மாணவி, அவள் என் பெயரைக் கண்டு, விசாரித்து, ரயில் ஏறி இங்கே கொண்டுவந்து தந்தாள். அவளுக்குப் பரீட்சைக் காலம். அவளை வைத்துக்கொண்டே வாசித்தேன். பாவம், நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியாமல் பக்கத்தில் நின்றாள்.

நான் ஜூன் கடைசியில் இந்த இல்லத்துக்கு வந்துவிட்டேன். நல்லவர்கள். சூப்பில் மட்டும் உப்பில்லை. ஐப்பசியில் எனக்கு இதயத்தில் ஒரு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தேன். விமானத்தில் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இரண்டு தரம் கேட்டேன். உன் அறையை நான் பார்க்க மாட்டேன் கிளடிஸ். அந்த மேப்பிள் துளிர்க்கும்போது ஒரு படம் அனுப்பு.

நேரத்துக்கு எழுதியிருந்தால் என்று நீ நினைப்பாய். உன்னை எனக்குத் தெரியும். அப்படி நினைத்துக்கொண்டு சமையலறையில் நிற்காதே. என் பெயரை அந்த வரிசையிலிருந்து எடுத்துவிட்டாய், எனக்கு அது பெரிய காரியம். ஜூலியஸ் அண்ணையைச் செபமாலையை விடாமல் சொல்லச் சொல். இனிமேல் தேவைப்படும்.

கால் வீக்கம் வற்றியதும் நீ வா. இந்த முறை மலை ஏற வேண்டாம், ரயில் வாசலுக்குக் கிட்டவே நிற்கிறது. வரும்போது பயத்தம் பணியாரம் கொண்டுவா, உன் கையால் என் கையில் தரலாம். இங்கே சந்திப்பு அறை சின்னது. தடுப்பு ஒன்றும் இல்லை, ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும்தான். யன்னல் என் கதிரைக்குப் பின்னால் இருந்தது. இன்று காலை ஒரு சகோதரியைப் பிடித்து, வெளிச்சம் என் முகத்தில் விழுகிற மாதிரி என் கதிரையைத் திருப்பிப் போட்டு வைத்திருக்கிறேன்.

றீற்றா அக்கா