தேநீரில் ஊறிய கையுறை

1879, மே 12, திங்கள்

சலவைக்கூடத்தில் நாள் முழுக்கக் காலர் தேய்த்துவிட்டு வந்தால், மாப்பிள்ளை பார்ட்லி இடது கையை வாளித் தண்ணீரில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நடுவிரல் கத்தரிக்காய் நிறம். பேஸ்பால் பருவம் தொடங்கி உடைவது இது இரண்டாவது விரல்.

என்னைக் கேட்காமல் என் மகள் நோராவைக் கட்டிக்கொண்டவன். 1874, பிப்ரவரி ஒன்பது. மழை. மறக்கவில்லை. ஆனால் இந்த ட்ராய் நகரத்தில் முதல் பேஸில் நின்று பந்து பிடிக்க இவனைப் போல் ஆளில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மே 13

இன்னொரு விரல் உடைந்தால் வேறு ஆளைப் போடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். மூன்று பிள்ளைகள். இரும்பாலைக்குப் போகலாம்தான் - எந்தக் கையோடு?

மே 17, சனி

மைதானத்துக்குப் போனேன். அடித்தவன் முதல் பேஸுக்கு ஓடி வருமுன் பந்து பார்ட்லி கைக்கு வந்துவிட வேண்டும். வெறுங்கை! இவன் அணியிலேயே மூன்றாவது பேஸில் நிற்கும் ஹெனகன் எறிகிறானே, அது எறிதலா, பகையா? ஒன்று தலைக்கு மேல், ஒன்று கணுக்காலுக்கு. பார்ட்லி கால் நுனியைப் பேஸ் மூட்டையிலிருந்து எடுக்காமல், கொக்கு மாதிரி நீண்டு அத்தனையும் பிடித்தான். கைதட்டல் ஹெனகனுக்கு. இது என்ன நியாயம்?

"அவன் எப்படி எறிஞ்சாலும் புடிக்கிறதுதானே அத்தே என் வேலை" என்கிறான். இப்படியும் ஒருத்தன்!

மே 18, ஞாயிறு

மாதா கோயில் பூசை நடுவில் தோன்றியது. அடுப்பிலிருந்து எடுத்த இஸ்திரிப் பெட்டியை எந்தப் பைத்தியக்காரியாவது வெறுங்கையால் பிடிப்பாளா? பிடித்துணி எதற்கு இருக்கிறது?

வெள்ளை மான்தோலுக்குள் என் பழைய பிடித்துணியை வைத்து இரண்டு கையுறை தைத்தேன். விரல் நுனி தெரிய வெட்டிவிட்டேன்.

பார்ட்லி தொடமாட்டேன் என்றான். "கோழைம்பாங்க அத்தே. ஊரே சிரிக்கும்."

"தெரிஞ்சாத்தானே சிரிப்பாங்க?"

கெட்டித் தேநீரில் மூன்று முறை ஊறப்போட்டேன். அவன் தோல் நிறம் வந்துவிட்டது.

மே 24, சனி

பாதி ஆட்டம் வரை யாருக்கும் தெரியவில்லை. கண்டுபிடித்தது ஹெனகன். மைதானம் முழுக்கக் கேட்கும்படி, "ஏய் பார்ட்லி, மாமியா பாவாடையக் கிழிச்சு மாட்டிக்கிட்டியா?"

ஒரே சிரிப்பு. பார்ட்லிக்குக் காது சிவந்தது. கழற்றப் போனான். கழட்டாதடா, கழட்டாத - நான் கத்தியது கேட்டதோ என்னவோ, கழற்றாமல் விட்டுவிட்டான். அடுத்த பந்தை ஹெனகன் உள்ள பலமெல்லாம் சேர்த்து எறிந்தான். பார்ட்லி பிடித்தான். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஹெனகன். மே 24. எழுதி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30

கையுறை போட்டபின் ஒரு விரலும் உடையவில்லை.

1882, ஜூன் 4, ஞாயிறு

மூன்று வருஷம். முதல் பேஸ் இன்னும் பார்ட்லியுடையதுதான். அவன் நீண்டு நிற்பதைப் பார்க்கவே வெளியூரிலிருந்து வருகிறார்கள்.

இன்று பூசை முடிந்து வந்தால் வாசலில் ஹெனகன். தொப்பி கையில். சுண்டுவிரலில் கட்டு. தரையைப் பார்த்தே பேசினான். "பெரியம்மா, எனக்கும் ஒண்ணு தச்சுத் தருவீங்களா? வெளிய தெரியாத மாதிரி..."

நான் கதவைச் சாத்தப் போனேன். பார்ட்லிதான், "தச்சுக் குடுங்க அத்தே. அவனுக்கும் பிள்ளைங்க இருக்கு" என்றான்.

அளவெடுத்தேன். நல்ல மான்தோல். உள்ளே மூன்றடுக்குத் துணி. இரட்டைத் தையல். ஒரு குறை சொல்ல முடியாது.

தேநீரில் மட்டும் ஊறப்போடவில்லை. கஞ்சி போட்ட காலர் மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கிறது.