சீலிங்கை மறந்த கணக்கு

திருவள்ளூர், 12 செப்டம்பர் 1968, வியாழன்

முன்கட்டை வாடகைக்குக் கேட்டிருக்கும் ஆவடி இன்ஜினீயரும் மனைவியும் ஞாயிறன்று வீடு பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால், வீட்டைப் பூட்டிவிட்டு மீஞ்சூரில் மருமகள் கையை எதிர்பார்த்துச் சாப்பிட வேண்டியதுதான்.

பெயின்டர் முனுசாமி காலையில் வந்தான். அதற்கு முன்பே தையல் டேப்பால் சுவர்களை நானே அளந்து, ஜன்னல் கதவுகளைக் கழித்து, நூற்று நாற்பது ரூபாய் என்று எழுதி வைத்திருந்தேன். கையில் இருப்பதும் அவ்வளவுதான். கான்வென்டில் கற்றபடி மூன்று முறை சரிபார்த்த கணக்கு. "இதில் தப்பு இருக்காது" என்று தாளை நீட்டினேன். அவன் படித்துவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

"கணக்கு ஷோக்கா கீதும்மா. சீலிங் இன்னா, பக்கத்து ஊட்டுதா?"

நானும் அண்ணாந்து பார்த்தேன். அவன் விரலை நனைத்துச் சுவரில் தேய்த்தான். வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"பழைய சுண்ணாம்பு. சொரண்டாம டிஸ்டம்பர் அடிச்சா உரிஞ்சிக்கினு வந்துடும். எரநூத்தம்பதுக்குக் கொறையாது."

"முன் ஹாலை மட்டும் அடி."

"வர்றவங்க உள்ரூமைத் தொறந்து பாத்தா இன்னா பண்ணுவே?"

"அது என் கவலை."

நாளை வேலையை ஆரம்பிக்கிறான். உள்ளறையைப் பூட்டிவிட்டேன். கேட்டால், சாவி தொலைந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். இந்த வயதில் ஒரு பொய்யைப் பாடம் பண்ணுகிறேன். மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். மூன்று முறையும் எனக்கே நம்பும்படி இல்லை. சாவியை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன்.