பனி வாரிய நாள்

என் கண்ணான பேரனுக்கு,

அன்று கால்பந்து மைதானத்தில் இருந்தவர்கள் பயிற்சியாளர் ஐலர்ட், வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்த உன் அம்மா குட்னி, உன் அப்பன் தொர்கெய்ர், நீ, நான். பிறகு, பனி அள்ள வந்த நம் தீவு மொத்தமும்.

காலையிலிருந்து எல்லோரும் வாரி வாரித்தான் புல் தெரிந்தது. உன் முழங்கால் வீங்கியிருந்தது. ஐலர்டே, "இன்னிக்கு உட்காருடா. அடுத்த வாரம் ட்ரோம்சோவுலேருந்து பெரிய கிளப்காரங்க உன்னைப் பாக்க வர்றாங்க" என்றார்.

"ஊரே இவனுக்காகப் பனி அள்ளியிருக்கு. இவன் என்ன கண்ணாடிப் பொம்மையா? நடுவுல நின்னு பந்தைத் தள்ளிவிட்டாப் போதும்" என்றான் உன் அப்பன்.

"கால் அவனோடதுடா" என்றேன்.

"நீ போய் காபி ஊத்தும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே பூட்ஸ் கட்டினாய்.

பாதி ஆட்டத்துக்குள் உன்னை ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். அடுத்த வாரம் வந்த ட்ரோம்சோக்காரர்கள் வேறு பையனைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மீன் பண்ணையில் நல்ல வேலை என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். படி இல்லாத வீடாகப் பார்.

கிறிஸ்துமஸுக்கு அப்பாவோடு ஒரே மேசையில் உட்காரச் சொல்கிறாய். சிரித்த ஊரை எப்போதோ மன்னித்துவிட்டேன். ஆனால் அன்று காலை உன் முழங்காலுக்குத் தன் கையாலேயே கட்டுப் போட்டவன் அவன். வீக்கம் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும். என் வயிற்றில் பிறந்தவன்தான். இருந்தாலும் தொர்கெய்ரை மன்னிக்க மாட்டேன்.

உன் பாட்டி