இன்னும் வாங்காத துப்பாக்கி

விருத்தாசலம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை விமல்ராஜ் அவர்களுக்கு அத்தை பாஞ்சாலை எழுதுவது. நீங்களும் என் மகள் வெண்பாவும் அமெரிக்காவில் சுகமாக இருக்க விருத்தகிரீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போன் எந்நேரமும் உங்கள் மாமா கையில்தான் இருக்கிறது. இது அவர் காதில் விழக்கூடாத விஷயம். அதனால் எழுதி, பக்கத்து வீட்டுச் சுபாஷினியிடம் அவள் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் வாயில் "ம்" தவிர எதுவும் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பேச வையுங்கள் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நானும் செராமிக் கம்பெனியில் ஜாடிக்குக் கைப்பிடி ஒட்டிவிட்டு வந்து, குளிப்பாட்டி, ஊட்டி, பேசிப் பேசி ஓய்ந்துவிட்டேன். என் பேச்சு எதற்கும் அவர் வாய் திறக்கவில்லை. மான் வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று நீங்கள் கேட்டதற்குத் திறந்தார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

மானைச் சுடுவதில் எனக்கு இஷ்டமில்லை. இங்கே அதைத் தொட்டாலே ஜெயில். ஆனால் அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னதைக் கோத்துக் கோத்து எனக்கே எல்லாம் பாடமாகிவிட்டது. முந்நூற்றெட்டு என்கிற ரகத் தோட்டா, அவர் பட்டாளத்தில் சுட்டதற்குக் கூடப்பிறந்ததாம்; அடி பலமாம். ஆறரை என்கிற ரகம் நானூறு கெஜம் போனாலும் காற்றுக்கு அவ்வளவாக ஒதுங்காதாம், தோளையும் உதைக்காதாம். குழல் இருபது அங்குலமா, இருபத்துநாலா என்று பார்க்க, பைப் வேலை செய்யும் நல்லமுத்துவிடம் இரண்டு பிளாஸ்டிக் பைப் வெட்டி வாங்கிவரும்படி சாடை காட்டினார். நான் அதைத் தோளில் வைத்து ஜன்னல் வழியாகக் குறி பார்த்து நிற்கிறேன், தெருவே சிரிக்கிறது. "நீளமா இருந்தா... வேகம். பொதர்ல... மாட்டும்" என்று திக்கித் திக்கிச் சொன்னார். ஒருநாள் நீளம் என்பார், மறுநாள் குட்டை என்பார். விடிந்ததும் "மாப்ள... என்னா சொன்னாரு" என்றுதான் கண் திறக்கிறார்.

நேற்று உங்கள் குரல் பதிவு வந்தது. ஆறரையே வாங்கிவிட்டேன், இருபத்துநாலு அங்குலம், மாமாவுக்கு இனி சிரமம் வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். நல்லவேளை, போன் அடுப்படியில் சார்ஜில் கிடந்தது. கேட்டதும் அழித்துவிட்டேன். "மாப்ள இன்னும் ரோசன பண்றாராம்ங்க" என்று அவரிடம் பொய் சொன்னேன். தலையாட்டிவிட்டு, மறுபடியும் பைப்பை எடுத்துவரச் சொன்னார். எனக்கு உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. எடுத்துவந்தேன்.

மாப்பிள்ளையிடம் கேட்கக்கூடாததைக் கேட்கிறேன். வாங்கியது வாங்கியதாக இருக்கட்டும். அவரிடம் மட்டும் இன்னும் வாங்காதவராகவே இருங்கள். இன்னொன்று. அவர் எதைச் சொன்னாலும் "நீங்க சொன்னா சரிங்க மாமா" என்கிறீர்கள். உங்கள் மரியாதை பெரிதுதான், ஆனால் அதோடு பேச்சு முடிந்துபோகிறது. நான் ஒருதரம் தெரியாமல், முந்நூற்றெட்டே போதாதா என்று சொல்லப்போக, "ஒனக்கு என்னாடி தெரியும், பேசாம இரு" என்று சத்தம் போட்டார். நோய் வந்தபிறகு அவர் திக்காமல் பேசிய முதல் பேச்சு அது.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். நாளைக்குப் போன் செய்யும்போது, மாமா சொல்வது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்களை நன்றாகத் திட்டட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தை
பாஞ்சாலை