இரண்டு கட்டைவிரல்

புயல் ஒன்பதாம் நாள். காலை 7.10. பேட்டரி 81%.
செவ்வாய், ஏழாம் குடியிருப்பு, இரட்டை வீடு 14. எழுதுவது சண்முகக்கனி, பொன்பாண்டியின் மனைவி.

கூரைத் தகடுகளை மூன்று முறை துடைத்தேன். துடைப்புக் கை திரும்பி வருவதற்குள் மறுபடி தூசி. வெயில் பத்தில் ஒரு பங்குதான் இறங்குகிறது.

செலவுக் கணக்கைப் பார்க்க வைத்த என் கட்டைவிரலை மீட்டர் பெட்டி இரண்டு முறை தள்ளிவிட்டது. விரல் சில்லிட்டிருந்தால் ஏற்காது. உள்ளே ரத்தம் ஓடுகிறதா என்றும் பார்க்குமாம். அக்குளில் வைத்துச் சூடாக்கி, மூன்றாம் முறை வைத்தபோது ஏற்றது.

குடியிருப்பு விதிப்படி தினமும் எழுத வேண்டிய குறிப்பு இது. யாராவது வந்து படித்தால் புரிய வேண்டும் என்பதால் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். அண்ணன் தம்பி இருவருக்குமாகக் கட்டிய வீடு இது. நடுவில் சுவர், அதில் அடைத்துவிட்ட ஒரு கதவு. இணைப்பு ஒன்று, பேட்டரி ஒன்று. மீட்டர் பெட்டி மட்டும் பக்கத்துக்கு ஒன்று; எதில் வைத்தாலும் யார் விரல் என்று அது அறியும். சுவருக்கு அந்தப் பக்கம் என் கொழுந்தன் பெண்டாட்டி தங்கபுஷ்பம். இரண்டு ஆண்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவளும் நானும் பேசிப் பதினோரு வருடம்.

எங்களுடையது நேர விலைத் திட்டம். பகலில் மின்சாரம் மலிவு. மாலை ஆறு முதல் பத்து வரை உச்ச நேரம். அந்த நான்கு மணி நேரமும் பேட்டரியில் இருப்பதைப் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தானாகவே பொதுக் கம்பிக்கு விற்றுவிடும். வெயில் இருந்தால் மறுநாளே நிரம்பும். இப்போது நிரம்பவில்லை.

புயல் பதினொன்றாம் நாள். காலை 8.30. பேட்டரி 62%.
மின் நிலையத்திலிருந்து எபநேசர் கூப்பிட்டான்.

"ஆச்சி, கேக்குதா? சாயங்காலம் ஆனா உங்க பேட்டரி வடிஞ்சுக்கிட்டே போகுது. ஒரே விலைத் திட்டத்துக்கு மாறிருங்க. விக்கிறது நின்னுரும்."

"நீயே அங்கிருந்து நிறுத்தேன்."

"பூட்டு உங்க பெட்டிக்குள்ள இருக்கு ஆச்சி. ரெண்டு வீட்டு விரலும் ஒரே மணி நேரத்துக்குள்ள விழணும். கோவத்துல வயரைப் பிடுங்கிராதீங்க, பெட்டி மொத்தமாப் பூட்டிக்கும். காத்து விசிறியும் நின்னுரும்."

"அவ வைக்கட்டும் முதல்ல."

"அவங்க ஆறு மணிக்கே வச்சாச்சு. ஏழுக்கும் வச்சாங்க, எட்டுக்கும் வச்சாங்க. நீங்கதான் பாக்கி."

பெட்டியைப் பார்த்தேன். 'பக்கத்து விரல் ஏற்கப்பட்டது. உங்கள் விரல் தேவை' என்று எழுத்து ஓடியது. வைக்கவில்லை.

அதே நாள். காலை 9.05.
சுவர்ப்பேசி பதினோரு வருடத்துக்குப் பிறகு கரகரத்தது.

"யக்கா, நாந்தான். விரல் வச்சுட்டு நிக்கேன். நீங்களும் வைங்க."

"ஏட்டி, மாவு ஆட்டி முடிஞ்சிருச்சா?"



"அன்னைக்குக் கரண்டு போனது கிரைண்டரால இல்லக்கா. அப்பவே எத்தனை மட்டம் சொன்னேன்? பழைய கணக்கு எல்லாம் பெட்டிக்குள்ளதான் கெடக்கு. ஒருக்கா எடுத்துப் பாருங்க."

"எனக்குப் படிச்சுக் குடுக்க நீ என்ன வாத்திச்சியா?"

"சரிக்கா. திட்டிக்கிடுங்க. நான் மணிக்கு ஒருக்கா வச்சுக்கிட்டேதான் இருப்பேன். என்னைக்குக் கோவம் ஆறுதோ அன்னைக்கு வைங்க."

பேசியை அணைத்தேன். என் கோபம் ஆறாது. பதினோரு வருடத்துக்கு முன், அந்த மாலை 6.48. என் வீட்டுக்காரர் மூச்சு இயந்திரத்தில் படுத்திருந்தார். பச்சைக் கரைப் போர்வை. சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் கடகடத்தது. விளக்கு போனது, இயந்திரம் நின்றது. பதினோரு நிமிடம் வாயால் ஊதினேன். மூன்றாம் நாள் போய்விட்டார். ஒரு ஈடு தோசை மாவுக்காகப் போன உயிர்.

புயல் பதின்மூன்றாம் நாள். பகல் 11.00. பேட்டரி 44%.
பக்கத்து வீட்டுச் செலவு பாதியாக இறங்கியிருக்கிறது. இரண்டு அறைகளில் சூடேற்றி ஓடவில்லை. இந்தக் குளிரில் எப்படி இருக்கிறாள்? தனியாக ஒரு பேட்டரி ஒளித்து வைத்திருக்கிறாள். அவள் தம்பி கிடங்கில் வேலை பார்த்தவன். கள்ளி.

எபநேசர் கடைசியாகப் பேசியது: "ஆச்சி, நிலையத்துலயே... தகடு எல்லாம் புதைஞ்சு... யாரும் வர முடியாது... விரலை வைங்க ஆச்சி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்..."

பிறகு இரைச்சல் மட்டும்.

புயல் பதினைந்தாம் நாள். மாலை 5.15. பேட்டரி 23%.
நிலையம் பேசவில்லை. வாங்குவதற்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதோ இல்லையோ, ஆறு மணியானால் பெட்டி விற்கத் தொடங்கிவிடும்.

பக்கத்தில் காற்று விசிறி மட்டும் ஓடுகிறது, அதுவும் விட்டுவிட்டு. மணிக்கு ஒரு முறை பெட்டி 'பக்கத்து விரல் ஏற்கப்பட்டது' என்கிறது. இன்று காலை ஆறிலிருந்து பன்னிரண்டு முறை. பார்க்கச் சகிக்காமல் பெட்டியில் அந்த எழுத்து ஓடும் இடத்தைத் துண்டு போட்டு மூடினேன்.

என் வீட்டில் இரண்டு அறையும் சூடாக இருக்கின்றன. பேட்டரி இவ்வளவு நாள் எப்படித் தாங்கியது என்று எனக்கே வியப்பு.

புயல் பதினாறாம் நாள். பகல் 12.20. பேட்டரி 14%.
பழைய கணக்கைத் திறந்தேன். பேசியில் அவளுக்கே படித்துக் காட்டி வாயடைக்க வேண்டும் என்றுதான் திறந்தேன்.

எழுத்துக்கூட்டி மூன்று முறை படித்தேன். உள்ளபடி எழுதுகிறேன்.

அந்த நாள், மாலை 6.00: விற்பனை தொடக்கம். 6.20: பக்கத்து வீட்டுக் கிரைண்டர் நிறுத்தம். 6.48: பேட்டரி காலி. 6.59: பொதுக் கம்பியிலிருந்து இணைப்பு.

கிரைண்டர் எடுத்தது ஒரு பங்கு. பெட்டி விற்றது எழுபது பங்கு.

அதற்கு மேல் ஒரு வரி. நேர விலைத் திட்டம் தொடங்கியது அதற்கு ஆறு நாள் முன்பு. கேட்டவர்: சண்முகக்கனி.

ஞாபகம் இருக்கிறது. இப்போது எல்லாமே ஞாபகம் வருகிறது. வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டேன். பகலில் மலிவு, மாலையில் விற்று வரும் காசுக்கு அவருக்கு மருந்து வாங்கலாம் என்றேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "நீங்க சொன்னாச் சரிதான்க்கா" என்று விரலை வைத்துவிட்டுப் போனாள். என்ன ஏது என்றுகூடக் கேட்கவில்லை.

6.48-க்குக் கிரைண்டர் ஓடியது என்று பதினோரு வருடம் சொன்னேனே. என் காதால் கேட்டேன் என்றேனே.

துண்டை எடுத்தேன். பக்கத்து விரல் கடைசியாக ஏற்கப்பட்டது: இன்று காலை 9.00. பத்துக்கு இல்லை. பதினொன்றுக்கு இல்லை. பக்கத்து வீட்டுச் செலவு 9.40 முதல் ஏறக்குறைய பூஜ்யம்.

பேசியில் கூப்பிட்டேன். "ஏட்டி தங்கம்" என்றேன். "ஏட்டி, நான் வைக்கேன், வாட்டி" என்றேன்.

அதே நாள். மாலை 4.30. பேட்டரி 13%.
அடைத்து வைத்த நடுக்கதவைக் கடப்பாரையால் நெம்பித் திறக்க நான்கு மணி நேரம் ஆனது.

சுவரெல்லாம் உறைபனி. இருக்கிற சேலை அத்தனையையும் சுற்றிக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். வலது கை விரல் வைக்கும் கண்ணாடி மேல். ஒளித்த பேட்டரி எதுவும் இல்லை. சூடேற்றி, விளக்கு, கடைசியில் விசிறி, எல்லாச் சுவிட்சும் அணைந்திருக்கின்றன. தானாக அணைந்தவை அல்ல, ஒவ்வொன்றாய் அவளே அணைத்தவை. மிச்சம் பிடித்ததெல்லாம் சுவரைத் தாண்டி என் அறைகளில் சூடாக எரிந்திருக்கிறது.

ஒரே ஒரு சுவிட்ச் மட்டும் போட்டபடி இருந்தது. சுவர்ப்பேசி. நான் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே.

மாலை 5.10. பேட்டரி 12%.
அவள் விரல் இல்லாமல் திட்டம் மாறாது. இன்று மாலை விற்றுவிட்டால் காலையில் எனக்கும் விசிறி ஓடாது.

என் சூடேற்றியை இழுத்து வந்து அவள் அருகில் வைத்திருக்கிறேன். கையைப் பிடித்துத் தேய்க்கிறேன். கட்டைவிரல் நுனியில் பழைய கத்தித் தழும்பு ஒன்று இருக்கிறது. என் மகள் சடங்குக்குக் காய் நறுக்கும்போது பட்டது. அன்று நான்தான் மஞ்சள் வைத்துக் கட்டினேன்.

5.34. அவள் விரலை வைத்தேன். ஏற்கப்படவில்லை.

5.46. என் அக்குளில் வைத்துச் சூடாக்கினேன். ஏற்கப்படவில்லை.

5.52. என் விரலை வைத்தேன். முதல் முறையே ஏற்றது. 'உங்கள் விரல் ஏற்கப்பட்டது. பக்கத்து விரல் தேவை.'

5.58. அவள் விரல் இப்போது வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. அது என் சூடு. பெட்டிக்கு அது தெரிகிறது.

6.00. விற்பனை தொடக்கம்.

6.40. பேட்டரி 7%. சூடேற்றியை அணைத்தேன். விளக்கையும். மீட்டர் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அவள் சேலையில் பாதியை என் மேல் சுற்றிக்கொண்டேன். கையை விடவில்லை.

7.00. மணி ஆனது. மறுபடி என் விரலை வைத்தேன். ஏற்றது. எட்டுக்கும் வைப்பேன்.

8.00. வைத்தேன்.

9.00. இரண்டு முறை தள்ளிவிட்டு ஏற்றது. பேட்டரி 2%. இதைக் கண்டெடுக்கிறவர்கள் நான் சொல்லிவந்த பழைய கதையைத் திருத்தி எழுதுங்கள். அவர் உயிர் போனது கிரைண்டரால் இல்லை. அவளால் இல்லை. நான் வைத்த