பாடை மூங்கிலில் அவரைக்கொடி

பம்பாய், 12-8-1958

நைனாவுக்கு மகன் ஏகாம்பரத்தின் வணக்கம். இங்கே நான் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டால் அதற்கும் ஒரு கேலி வரும். அதனால் அம்மாவின் சுகத்தை மட்டும் கேட்கிறேன்.

ஏசுதாஸ் வாத்தியாரைக்கொண்டு நீங்கள் எழுதவைத்த கடிதம் வந்தது. "உங்கம்மாவுக்கு ஜொரம். பாடைக்கு மூங்கில் வெட்டிட்டேன். அவ போறதுக்கு நாளாவும் போல கீது, அதுவரிக்கும் அதுல அவரக்கொடி ஏத்திக்கினு கீறேன்." என் அறையில் தங்கியிருக்கும் கண்பத்துக்குச் சிரித்துக்கொண்டே இதை இந்தியில் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "ஊருக்கு எப்போது ரயில்?" என்றான். கடிதத்தை மறுபடி படித்தேன். எப்போதும் கடைசியில் அம்மா தன் வாயால் சொல்லி எழுதவைக்கும் ஒரு வரி இதில் இல்லை.

காய்ச்சலோடு அவளைப் பண்ணைக்கார வரதன் கழனிக்கு நடவுக்கு அனுப்பினீர்களா? அவர் முன்னால் அழுதால் வேலை போகும் என்று சாவையும் சிரிப்பாக்கப் பழகிவிட்டீர்கள். மகனிடமும் ஏன் சிரிக்கிறீர்கள்?

அவளை உத்திரமேரூர் டாக்டரிடம் காட்டுங்கள். நான் அங்கே விட்டுவந்த கம்பளியைப் போர்த்துங்கள். வாத்தியாரை அவள் பக்கத்திலேயே உட்காரவைத்து ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். திட்டினாலும் போதும், ஆனால் அவள் திட்டுவதுபோல் நீங்கள் சொல்லி எழுதவைக்காதீர்கள், எனக்குத் தெரிந்துவிடும்.

மில் சங்கு ஊதிவிட்டது. அந்த வரி இல்லாமல் கடிதம் வந்தால் பதில் போடமாட்டேன், ரயில் ஏறிவிடுவேன்.

ஏகாம்பரம்